நூற்றுப் பதினெட்டாம் பம்பு

ஜோதிலிங்கம் எழுதிய வரைவில் மேலதிகாரிகள் பேனா வைப்பதில்லை என்பது அந்த அமைச்சகத்தில் பலரும் அறிந்த செய்தி. அயல்நாட்டு உதவித் திட்டங்களைக் கவனிக்கும் பிரிவில் அவர் பிரிவு அலுவலர். திருநெல்வேலியிலிருந்து டில்லிக்கு வந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் எத்தனையோ ஒப்பந்தங்களும் கடிதங்களும் அவர் கையில் உருவாகி அயல்நாடுகளுக்குப் போயிருந்தன. அவற்றுள் ஒன்றிலும் அவர் பெயர் இல்லை. வரைவு எழுதுபவர் ஒருவர், கையெழுத்திடுபவர் இன்னொருவர் என்பது அலுவலக முறை. அந்த முறையில் ஒரு மறைவிடமும் உண்டு என்பதை அந்த ஆண்டு வரையில் அவர் எண்ணிப் பார்த்ததில்லை.

அது 1982ஆம் ஆண்டு. ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக நகரம் முழுவதும் சாலைகளைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஜூலை மாதத்தில் வட ஐரோப்பிய நாடொன்றிலிருந்து ஒரு கடிதம் வந்தது. யமுனைக்கு அப்பால், ரத்தன்புரி என்னும் மறுகுடியேற்றக் காலனியில், அந்நாட்டின் உதவியால் இருநூற்றுப் பதினான்கு கைப்பம்புகள் போடப்பட்டிருந்தன. நகரத்துக் குடிசைகளிலிருந்து லாரிகளில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கப்பட்டவர்களுக்கு அப்பம்புகளே குடிநீர். இன்னும் பதினொரு காலனிகளுக்குப் பம்பு கொடுக்க அந்நாடு ஆயத்தமாக இருந்தது. ஆயினும் அதற்கு முன், போட்ட பம்புகள் எவ்வாறு இருக்கின்றன என்பதை வெளியார் ஒருவரைக்கொண்டு மதிப்பிட வேண்டும் என்றும், பழுதென்று மதிப்பீட்டில் தெரியவரும் பம்புகளைத் தாங்களே உதிரி உறுப்புகள் அனுப்பிச் சீர்செய்து தருவதாகவும் எழுதியிருந்தார்கள். மதிப்பீட்டை யாரிடம் ஒப்படைப்பது, எந்த மாதத்தில் நடத்துவது, மக்களிடம் என்னென்ன கேட்பது, எந்தெந்தப் பம்புகளைப் பார்ப்பது என்பவற்றை வகுத்து ஓர் ஆவணம் அனுப்பவேண்டும். அதை எழுதும் வேலை ஜோதிலிங்கத்திடம் வந்தது.

வீட்டில் அவர் அலுவலகச் செய்தி பேசுவதில்லை. இதை மட்டும் பேசினார். அதற்குக் காரணம் ஆராயி.

கிட்வாய் நகரில் அவர் குடியிருப்பிலும் அக்கம்பக்கத்தில் மூன்று வீடுகளிலும் பாத்திரம் துலக்கித் துணி துவைத்துவந்தவள் ஆராயி. கள்ளக்குறிச்சிப் பக்கத்தைச் சேர்ந்தவள். முன்பு குடியிருப்புகளுக்குப் பின்னால், சாக்கடைக் கால்வாய் ஓரத்துக் குடிசையில் இருந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தொலைவு. எழுபத்தாறில் அக்குடிசைகளை இடித்தபோது அவளையும் ரத்தன்புரியில் கொண்டுபோய் விட்டார்கள். அன்று முதல் இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தாள். அவள் சந்தில் இருந்த பம்பு, நூற்றுப் பதினெட்டாம் எண், அவ்வாண்டு பொங்கலுக்குப் பிறகு தண்ணீர் தருவதை நிறுத்திவிட்டது. அடுத்த பிளாக்கில் வரிசையில் நின்று குடம் நிரப்பிக்கொண்டு திரும்புவதற்குள் ஆறு மணி பஸ் போய்விடும். நாளும் தாமதமாகவே வருகிறாள் என்று நான்கு வீட்டாருள் ஒருவர் அவளை நிறுத்திவிட்டார். மற்றொரு வீட்டம்மாள் தீபாவளி வரைக்கும் பார்ப்பேன் என்று கெடு வைத்திருந்தாள்.

ஜூலை மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பின்முற்றத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது ஜோதிலிங்கம் நாற்காலியை வாசற்படி வரை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தியைச் சொன்னார்.

"உங்க காலனிப் பம்பையெல்லாம் பாக்க வெளிநாட்டுல இருந்து ஆள் வாராங்க, ஆராயி. கெட்டுப்போனதைப் பாத்தாங்கன்னா சரிபண்ணிக் கொடுத்துருவாங்க."

அவள் சாம்பல் அப்பிய கையோடு நிமிர்ந்தாள். "எங்க நல்காவும் அதுல இருக்குதுங்களா ஐயா?" கைப்பம்பை அவள் இந்திக்காரர்களைப் போல நல்கா என்றே சொல்வாள்.

"எல்லாம் இருக்கு. இருநூத்திப் பதினாலும் இருக்கு."

உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த அவர் மனைவி சுந்தரவல்லி, ஆபீஸ் விசயத்தை இவுக வீட்டுல சொல்லுதாகன்னா இன்னைக்கு மழைதான் என்றாள். ஆராயி சிரித்தாள். அன்று அவர் சொன்னது உண்மையே. அவருடைய முதல் வரைவில் இருநூற்றுப் பதினான்கு பம்புகளும் இருந்தன.

ஆகஸ்டில் ரத்தன்புரியிலிருந்து பதிவேடுகளை வரவழைத்தார். இரண்டு வந்தன. ஒன்று நடப்புப் பட்டியல். மற்றொன்று கழிவுப் பட்டியல். ஒரு பம்பு ஆறு மாதம் பழுதாகக் கிடந்தால் அதை முதற்பட்டியலிலிருந்து அடித்துவிட்டு இரண்டாவதில் ஏற்றிவிடுவது அங்கிருந்தவர்களின் பழக்கம். அவ்வாறு ஏற்றிவிட்டால் அதை ஏன் பழுதுபார்க்கவில்லை என்று மெக்கானிக்கை யாரும் கேட்கமாட்டார்கள். நடப்பில் நூற்றைம்பத்திரண்டு இருந்தன. கழிவில் அறுபத்திரண்டு இருந்தன. கழிவுப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில், இ பிளாக் என்பதற்கு நேரே, 118 என்று பென்சிலால் எழுதி அதன்மேல் மையால் மீண்டும் எழுதியிருந்தார்கள்.

மூன்று நாள் அவர் அந்த இரண்டு பதிவேடுகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு இருந்தார். இரண்டையும் இணைத்து அனுப்பினால், பத்துப் பம்புகளில் மூன்று செத்துக் கிடக்கின்றன என்று மதிப்பீடு சொல்லும். பழுதானவற்றைச் சீர்செய்து தருவதாக அவர்கள் எழுதியிருந்தார்கள் என்பது மெய்யே. எனினும் பத்தில் மூன்று என்பதைக் கண்டால் சீர்செய்வதோடு நிறுத்திக்கொண்டு, பதினொரு காலனிகளை வேறொரு நாட்டுக்குக் கொடுத்துவிடலாம் அல்லவா? அங்கும் தண்ணீருக்குக் காத்திருக்கிறவர்கள் உண்டு. இது அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட காரணம். சொல்லிக்கொள்ளாத காரணமும் ஒன்று இருந்தது. சார்புச் செயலாளர் பதவிக்கான பெயர்ப்பட்டியல் அந்தக் குளிர்காலத்தில் வெளிவர இருந்தது. பதினொரு காலனித் திட்டத்தைக் கொண்டுவந்த பிரிவின் அலுவலர் என்பது வேறு. வந்த உதவியை இழந்த பிரிவின் அலுவலர் என்பது வேறு. இரண்டு காரணங்களுள் எது முந்தியது என்பதைப் பிற்காலத்தில் அவர் பலமுறை நினைத்துப் பார்த்தார். கண்டுபிடிக்க முடியவில்லை.

நான்காம் நாள் கழிவுப் பட்டியலை எடுத்து இழுப்பறையில் வைத்தார். நடப்புப் பட்டியலை மட்டும், மொத்த எண்ணிக்கை குறிக்காமல், தட்டச்சுச் செய்வித்து இணைப்பாகச் சேர்த்தார். மதிப்பீட்டாளர் இவ்விணைப்பிலிருந்து நாற்பது பம்புகளைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வாக்கியம் எழுதினார். அதைப் போல ஒழுங்கான வாக்கியத்தை அவர் அதற்கு முன் எழுதியதில்லை. யாரும் அவரிடம் இதைச் செய்யும்படி சொல்லவில்லை.

துணைச் செயலாளர் வைத்தியநாதன் தஞ்சாவூர்க்காரர். அலுவலகத்துத் தமிழர்களுக்கு அவர் வைத்தி சார். வரைவைப் படித்துவிட்டு, இணைப்புத் தாளைச் சற்று நேரம் கையில் வைத்திருந்தார். முதல் வரைவையும் பார்த்திருந்தவர் அவர். பிறகு, உம்ம டிராஃப்டு வந்தா எனக்குக் கையெழுத்தைத் தவிர வேலையே இல்லை ஓய் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்திட்டார்.

அக்டோபர் கடைசி என்று நாள் குறித்தாயிற்று. டில்லியில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனத்தின் பேராசிரியரிடம் மதிப்பீடு ஒப்படைக்கப்பட்டது. அந்நாட்டின் சார்பில் ஹால்வர்சன் என்பவர் உடன்வருவதாக ஏற்பாடு. அவர் பயண விவரத்தை எழுதியவரும் ஜோதிலிங்கமே.

இதற்கிடையில் ஆராயி நாள்தோறும் வந்துகொண்டிருந்தாள். வெள்ளைக்காரர் வரும் நாள் எதுவென்று கேட்டாள். அவர் சொன்னார். தங்கள் சந்துக்கு அவர்கள் வருவார்களா என்று கேட்டாள். அப்போதாவது அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பட்டியல் மாறிவிட்டது, உங்கள் பம்பு அதில் இல்லை என்று சொல்ல இரண்டு நொடி போதும். அவர் செய்தித்தாளை மடித்துக்கொண்டு, வருவாங்க என்று பாராக்குப் பார்த்தபடியே சொன்னார். அவள் எழுந்து போனபின், அந்தத் தாளில் தாம் படித்த வரி எதுவென்று தேடினார், அது கிடைக்கவில்லை.

ஆயுத பூஜை கழிந்து மூன்றாம் நாள் காலையில் இரண்டு வண்டிகள் ரத்தன்புரிக்குப் போயின. முன்னே சென்ற ஜீப்பில் கேள்வித்தாள்களோடு ஆய்வாளர்கள் இருந்தார்கள். பின்னே வந்த வெள்ளை அம்பாஸடரில் பேராசிரியரும் ஹால்வர்சனும் ஜோதிலிங்கமும் இருந்தார்கள். மழைக்காலம் முடிந்த சமயமாதலால் நிலத்தடியில் நீர் மேலே நின்றது. குலுக்கலில் விழுந்த பம்புகள் கைப்பிடியைத் தொட்ட மாத்திரத்தில் பெருகின. ஹால்வர்சன் ஒவ்வொரு பம்பிலும் தாமே அடித்துப் பார்த்து, ஒரு மிடறு குடித்தும் பார்த்தார். நல்ல மனிதர். அதுவே ஜோதிலிங்கத்துக்குப் பெருஞ்சங்கடமாக இருந்தது.

பகல் பன்னிரண்டு மணிக்கு இ பிளாக்கைக் கடந்து எஃப் பிளாக்குக்குப் போகவேண்டும். ஜீப் முன்னால் போய்விட்டது. இ பிளாக்கின் சந்துமுனை ஒன்றில் ஏழெட்டுப் பெண்கள் கூடி நின்றார்கள். எண்ணெய் வைத்துத் தலைவாரி, இருந்ததில் நல்ல சேலையாக உடுத்தியிருந்தார்கள். சந்து முழுவதும் தண்ணீர் தெளித்துக் கோலமிட்டிருந்தது. அந்தத் தண்ணீரை அடுத்த பிளாக்கிலிருந்து சுமந்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. நடுவில் நூற்றுப் பதினெட்டாம் பம்பு நின்றது. துருவைத் தேய்த்துக் கழுவி, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, கழுத்திலிருந்து கைப்பிடி வரையில் சாமந்தி மாலையைச் சுற்றியிருந்தார்கள். பக்கத்தில் ஆராயி நின்றாள். மூன்று வீடுகளுக்கும் சுட்டி சொல்லிவிட்டு வந்திருந்தாள். அதற்கு விடுப்பு என்று பொருள். சுந்தரவல்லியிடம் முதல் நாள் விடுப்புக் கேட்டதை ஜோதிலிங்கம் அறிவார்.

வண்டியை நிறுத்துங்கள் என்றார் ஹால்வர்சன்.

இது குலுக்கலில் வந்த பம்பு அன்று என்று பேராசிரியர் நினைவூட்டினார். குலுக்கலில் வராததைப் பார்த்து எழுதினால் ஆய்வின் முறை கெட்டுவிடும் என்பது அவருடைய கவலை. எழுதப் போவதில்லை, பார்க்கத்தான் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே ஹால்வர்சன் இறங்கிவிட்டார். ஜோதிலிங்கமும் இறங்க வேண்டியதாயிற்று.

ஆராயி ஜோதிலிங்கத்தைப் பார்த்தாள், முகம் மலர்ந்தது. பிறகு ஹால்வர்சனுக்கு எதிரே வந்து நின்று, பலநாள் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டது போல, தமிழிலேயே சொன்னாள்.

"சாமி, இதுல ஒம்போது மாசமா ஒரு சொட்டுத் தண்ணி வரலைங்க. எட்டு ஊட்டுக்கு இது ஒண்ணுதான் நல்கா. தண்ணிக்கு நின்னு நின்னு எங்களுக்கு வேல போவுது. இத மட்டும் பாத்துக் குடுங்க."

சொல்லி முடித்துவிட்டு ஜோதிலிங்கத்தைப் பார்த்தாள். ஹால்வர்சனும் அவரைப் பார்த்தார். அந்த இடத்தில் இரண்டு மொழியும் அறிந்தவர் அவர் ஒருவரே.

பேராசிரியர் வண்டிக்குள்ளிருந்து கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

ஜோதிலிங்கம் ஆங்கிலத்தில், இவர்கள் ஆயுத பூஜைக்காகப் பம்பை அலங்கரித்திருக்கிறார்கள், தண்ணீர் தரும் கருவியை இங்கே இவ்வாறு போற்றுவது வழக்கம் என்றார்.

ஹால்வர்சனின் முகம் சிவந்து கனிந்தது. கைப்பிடியை நோக்கிக் கையை நீட்டியவர், மாலையைக் கண்டதும் தொடக்கூடாதது என்று எண்ணியவர் போலக் கையை இழுத்துக்கொண்டார். பெண்களைப் பார்த்து இரு கைகளையும் கூப்பினார். பிறகு நான்கு அடி பின்வாங்கிப் படம் எடுத்தார். ஆராயி பம்பின் தலைமேல் கை வைத்துக்கொண்டு நின்றாள். வண்டி புறப்பட்டபோது அந்தப் பெண்கள் அனைவரும் கும்பிட்டார்கள். ஜோதிலிங்கத்தையும் சேர்த்தே கும்பிட்டார்கள்.

தீபாவளிக்குப் பிறகு, கெடு வைத்திருந்த வீட்டம்மாள் ஆராயியை நிறுத்திவிட்டாள். மிஞ்சியவை இரண்டு வீடுகள். அவள் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், அவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்து சாமான் அனுப்ப நாளாகும் அல்லவா என்று சுந்தரவல்லிக்குத் தானே ஆறுதல் சொன்னாள். ஜோதிலிங்கம் அவளை நிறுத்திய வீட்டுக்குத் தாமே போய் அவளுக்காகப் பேசலாம் என்று ஒரு நாள் சட்டையை மாட்டினார். என்ன சொல்லிப் பேசுவது என்று தெரியாமல் பால் பூத் வரை நடந்துவிட்டுத் திரும்பினார்.

ஜனவரி மாதத்தில் அறிக்கை அச்சாகி வந்தது. பார்த்த நாற்பதில் முப்பத்தெட்டுப் பம்புகள் நன்றாக இயங்குகின்றன, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து. மக்கள் பம்புகளைத் தங்களுடையவை என்று கருதிப் பேணுகிறார்கள் என்று முன்னுரையில் எழுதியிருந்தது. அதற்குச் சான்றாக அட்டையில் ஒரு வண்ணப்படம். மாலை சூடிய பம்பும், அதன்மேல் கை வைத்த ஆராயியும். பம்பின் உடம்பில் மஞ்சளுக்கு மேலே 118 என்னும் வெள்ளை எழுத்து யாரும் படிக்கும்படி தெளிவாக இருந்தது.

இரண்டாம் கட்டத்துக்கு ஒப்புதல் வந்தது. பிப்ரவரியில், அந்நாட்டுத் தூதுக்குழு ஒன்று மார்ச் மாதம் வருவதாகவும், அட்டையில் உள்ள பம்பைக் காண விரும்புவதாகவும் செய்தி வந்தது. வைத்தி சார் ஜோதிலிங்கத்தை அழைத்தார்; கதவைச் சாத்தச் சொன்னார்.

"அட்டையில இருக்கே, அது நம்ம லிஸ்ட்டுல உண்டோல்லியோ?"

"இல்லை சார். கழிவு லிஸ்ட்டுல இருக்கு."

வைத்தி சார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அட்டையைச் சற்று நேரம் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"போனவாளுக்குப் படம் மாட்டி மாலை போடறது நம்ம வழக்கந்தான். இவன் மாலை போட்டதை முதல்ல படம் புடிச்சுட்டான், பாரும்."

இரண்டே நாளில் அதைச் சீர்செய்ய ஏற்பாடு செய்யும்படி சொல்லித் தொலைபேசியை எடுத்தார். ஜோதிலிங்கம் போகாமல் நின்றார். மற்ற அறுபத்தொன்றையும் இச்சமயத்திலேயே சீர்செய்துவிடலாமே என்றார்.

"அந்த அறுபத்தொண்ணும் அட்டையில வந்திருக்கோ?"

"சார், இணைப்பைப் பாத்துட்டுத்தானே நீங்களும் கையெழுத்துப் போட்டீங்க?"

"பாத்தேன். இல்லேங்கலை. ஆனா அந்தத் தாளை வையும்னு நான் சொன்னேனா ஓய்?"

"சொல்லலை."

"அப்புறம் என்ன?"

வைத்தி சாரின் குரலில் கடுமை இல்லை. உண்மையை நினைவூட்டும் நண்பரின் குரலாகவே அது இருந்தது. ஜோதிலிங்கம் தம் இடத்துக்கு வந்து, அறுபத்தொரு பம்புகளைப் பற்றி ஒரு குறிப்பு எழுதிக் கோப்பில் வைத்து அனுப்பினார். மறுநாள் அது திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில் 'நேரில் பேசவும்' என்று எழுதியிருந்தது. அவர் இருமுறை வைத்தி சாரின் அறைக்கதவு வரை போனார். இரண்டாம் முறை கதவு திறந்தே இருந்தது. அந்த வாரக் கடைசியில் பதவி உயர்வு ஆணை வந்தது; ஏப்ரல் முதல் தேதி முதல் அவர் சார்புச் செயலாளர். கோப்பு இழுப்பறைக்குள் கழிவுப் பட்டியலின் மேல் போய்ச் சேர்ந்தது.

மார்ச் மாதத்து முதல் ஞாயிறு. குளிர் விட்டு, பின்முற்றத்தில் வெயில் இதமாக விழுந்திருந்தது. ஆராயி ஏழு மணிக்கு முன்பே வந்துவிட்டாள். கையில் ஒரு சிறு தூக்குவாளி. அதை ஜோதிலிங்கத்தின் முன்னே மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தாள். தண்ணீர்.

"எங்க நல்காத் தண்ணிங்க ஐயா. வெள்ளிக்கெழம கொட்டுச்சு பாருங்க, புள்ளைங்க எல்லாம் துணியோட நனஞ்சுதுங்க. மொதல்ல சாமிக்கு வச்சோம். அடுத்தது உங்களுக்குத்தான்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. நீங்க அன்னிக்கு எடுத்துச் சொன்னதாலதானே வந்துச்சு."

சுந்தரவல்லி ஒரு தம்ளரைக் கொண்டுவந்து வைத்தாள். ஜோதிலிங்கம் தண்ணீரை ஊற்றினார். ஊற்றிய பிறகு தம்ளரை எடுக்க முடியவில்லை.

ஆராயி போகாமல் நின்றாள். இன்னொன்று கேட்க வேண்டும் என்றாள்.

"ஜி பிளாக்குல எங்க நாத்தனா பவுனு இருக்கறாளுங்க. அவ சந்து நல்காவும் ஒரு வருசமா செத்துக் கெடக்குது. எங்களுது பூ போட்டு வச்சதாலதானே அந்த வெள்ளைக்காரரு எறங்கிப் படம் புடிச்சாரு? அதனால அவங்களும் கழுவி, மஞ்சா குங்குமம் வச்சு, பூ போட்டு வச்சிருக்காங்க. அதப் பாத்து எச் பிளாக்குலயும் வச்சிட்டாங்க. வெள்ளைக்காரங்க வர்ற காடி எப்ப வரும்னு ஐயாவக் கேட்டுட்டு வரச் சொன்னாங்க. தெனம் பூ வாங்க முடியாதுங்களே."

பம்புகளைக் கழுவித் துடைத்துப் பூச்சூட்டிச் சந்துமுனையில் வண்டிக்காகக் காத்து நிற்கும் பெண்களை அவர் எண்ணிப் பார்த்தார். அறுபத்தொரு சந்துகள். நாளைக்கு ஐ பிளாக்கிலும் மாலை போடுவார்கள். அதை நிறுத்த ஒரே வழி இருந்தது.

"வராது, ஆராயி."

"இந்த வாரம் வராதுங்களா?"

"வரவே வராது."

பிறகு அவர் சொன்னார். இரண்டு பட்டியல்கள் இருந்ததையும், தாம் ஒன்றை எடுத்துவிட்டதையும், யாரும் சொல்லாமல் தாமாகவே எடுத்ததையும் சொன்னார். அவள் பம்பும் எடுத்ததற்குள்ளே இருந்தது என்றார். பதினொரு காலனிகளைப் பற்றியும் சொன்னார். பதவி உயர்வைப் பற்றியும் சொன்னார். முன்னதைச் சொல்லும்போது குரல் தெளிவாக இருந்தது. பின்னதைச் சொல்லும்போது தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரிசி களையும் ஓசை உள்ளே நின்றுவிட்டதை அவர் கவனித்தார். சுந்தரவல்லி சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவளுக்கும் இது புதிது.

ஆராயி அவ்வளவையும் கேட்டுவிட்டு ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நான் சொன்னத நீங்க அவருகிட்ட சொல்லலீங்களா?"

"சொல்லலை."

"அப்ப என்ன சொன்னீங்க?"

"பூஜைக்காக அலங்காரம் பண்ணியிருக்காங்கன்னு சொன்னேன்."

"அதான் கும்புட்டாரா" என்று மெல்லச் சொன்னாள். பின்முற்றத்துக்குப் போய்க் குழாயைத் திறந்து பாத்திரங்களைத் துலக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு பாத்திரமும் வழக்கம் போலவே சுத்தமாயிற்று. ஜோதிலிங்கம் எழுந்திருக்கவில்லை. அவள் ஏசியிருந்தால் அவருக்கு இலகுவாக இருந்திருக்கும். ஏசும் அளவுக்கு அவர் அவளுக்கு உறவும் அல்லர், பகையும் அல்லர். வேலையை விட்டுப் போனால் இன்னொரு வீடும் போய்விடும் என்பதை அவள் கைகள் அறிந்திருந்தன.

துலக்கி முடித்துக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"மொத்தம் எத்தினி நல்காங்க?"

"உங்களுது போக அறுபத்தொண்ணு."

"அது எந்தெந்தச் சந்துன்னு எழுத்துல இருக்குதுங்களா?"

"இருக்கு."

"அத எனக்கு எழுதிக் குடுங்க. இங்கிலீசுலயே எழுதுங்க. வியாழக்கெழம பெரிய வெள்ளைக்காரங்க எங்க நல்காவப் பாக்க வராங்களாமே. அவங்க கையில நானே குடுத்துக்கறேன். இந்தத் தடவ எடுத்துச் சொல்ல ஆளு வேணாம்."

அலுவலகத்துப் பதிவேட்டை வெளியாருக்கு எழுதிக் கொடுப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்பது அவருக்குத் தெரியும். விதியின் எண்ணும் தெரியும். ஆனால் பட்டியலைப் பார்க்க அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்கவில்லை. ஆறு மாதத்தில் அது அவருக்கு மனப்பாடமாகியிருந்தது. கோடிட்ட வெள்ளைத்தாள் இரண்டு எடுத்து, ஏ பிளாக்கிலிருந்து தொடங்கிச் சந்தும் எண்ணும் பழுதான மாதமும் எழுதிக்கொண்டு போனார். முதலில் மூன்று வரி விளக்கமும் எழுதினார்: இப்பம்புகள் மதிப்பீட்டுக்கு அனுப்பிய பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவை; ஆகவே மதிப்பீட்டாளர் இவற்றைப் பார்க்கவில்லை; தொண்ணூற்றைந்து என்னும் கணக்கில் இவை சேரவில்லை. வாக்கியங்கள் அவர் வழக்கப்படியே பிசகின்றி அமைந்தன. முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஆராயி வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதி முடித்து மடித்து நீட்டினார்.

அவள் அதை வாங்காமல் கேட்டாள்: "இத எழுதுனது யாருன்னு அதுல போட்டிருக்குதுங்களா?"

அவர் மடித்த தாளை விரித்துப் பார்த்தார். இரண்டாம் தாளின் அடியில் நான்கு விரல் அகலத்துக்கு வெறுமையாக இருந்தது. இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கம்; கை தானாகவே நின்றுவிட்டிருக்கிறது. ஏப்ரல் முதல் தேதிக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருந்தது.

"நாங்க குடுத்தா யாரோ கிறுக்குனதுன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. பேரு போடுங்க ஐயா."

சுந்தரவல்லி வாசலைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜோதிலிங்கம் பேனாவைத் திறந்தார். நீக்கியவன் நான் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி, அதன் கீழே கையெழுத்திட்டு, அது கிறுக்கலாக விழுந்ததால் பக்கத்தில் பெயரையும் பதவியையும் தனித்தனி எழுத்தாக எழுதினார்.

ஆராயி தாளை வாங்கினாள். கடைசி வரிகளைச் சற்று நேரம் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவரைக் கடந்து சமையலறை வாசலுக்குப் போய், சுந்தரவல்லியிடம் தாளை நீட்டி, விரலால் அடியில் தொட்டுக் காட்டினாள்.

"அம்மா, இது ஐயா பேருதானா? படிச்சுச் சொல்லுங்க."

சுந்தரவல்லி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.

"அவுக பேருதான். ஜோதிலிங்கம்னு எழுதியிருக்காக."

ஆராயி இன்னொரு முறை படிக்கச் சொன்னாள்.